அரக்குச் சேலை

டாக்டர் நரசிம்மலு மேஜைமேல் கம்பளி நூல் சிட்டங்களைக் கொட்டியபோது தம்பிதுரை கதவைத் திரும்பிப் பார்த்தான். எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள், தூரத்தில் நிற்கும் ஆளை எண்ணச் சொல்வார்கள் என்றுதான் ஷெட்டில் சொல்லியிருந்தார்கள். அதற்கெல்லாம் அவன் தயார். ஒரு மாதமாகப் பொன்னாங்கண்ணிக் கீரையாகத் தின்று, கீரையைக் கண்டாலே ஓடுகிற நிலைக்கு வந்திருந்தான். நூலைக் கொட்டுவார்கள் என்று ஒரு பாவியும் சொல்லவில்லை.

போத்தனூர் லோகோ ஷெட்டில் ஆறு வருஷமாக அவன் கிளீனர். எஞ்சினைத் துடைப்பது, எண்ணெய் போடுவது, சாம்பல் அள்ளுவது. அடுத்த படி ஃபயர்மேன். ஓடுகிற வண்டியில் ஏறி நின்று கரி தள்ளலாம், நாளைக்கே டிரைவரும் ஆகலாம். அதற்குக் கண் பரீட்சை தேற வேண்டும்.

டாக்டர் ஒரு சிட்டத்தைத் தனியே எடுத்து வைத்தார். "இதோட நிறம் எதெதுல இருக்குதோ, எல்லாத்தையும் பொறுக்கி இந்தப் பக்கம் வைப்பா."

தம்பிதுரை வழக்கப்படி கையை நீட்டித் தடவப் போனான்.

"தொட்டா என்ன தெரியும்? இது கண்ணுக்குப் பரீட்சை, கைக்கு இல்ல."

அவன் கண்ணால் பொறுக்கினான். ஆறோ ஏழோ எடுத்து வைத்தான். பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் புறங்கையால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்ததும் தொலைந்தது என்று தெரிந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. அவன் பொறுக்கியதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். "நான் வச்சது சிவப்பு. நீ வச்சதுல இது கறுப்பு. இது காப்பிக்கொட்டை நிறம். இது கரும்பச்சை. சிக்னலை இத்தனை வருஷம் எப்படிப்பா பாத்தே?"

"கம்பத்துல கை ஏறி எறங்கறதப் பாப்பனுங்க. ராத்திரில மங்கலா எரிஞ்சா செகப்பு, வெளுப்பா எரிஞ்சா பச்சைங்க."

"விளக்குல புகை பிடிச்சிருந்தா?"

டாக்டர் காகிதத்தில் எழுதியபடியே கேட்டார். "உங்கம்மாவுக்குக் கூடப் பொறந்த ஆம்பளைங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி இருக்காருங்க. எதுக்குங்க?"

"இது அம்மா வழியா வர்ற சங்கதி. பொம்பளைகளுக்குப் பெரும்பாலும் வராது. அவங்க கண்ணு நல்லா இருக்கும். சுமந்துட்டு வந்து பையனுக்குக் குடுத்துருவாங்க. உன் மாமனுக்கும் இருந்தாலும் இருக்கலாம், கேட்டுப் பாரு."

"அவருகூடப் பேச்சு வார்த்தை இல்லீங்க."

"சொத்துத் தகராறா?"

"இல்லீங்க. ஒரு சேலைங்க" என்றான் தம்பிதுரை. சொல்லி முடித்தவன், டாக்டர் கறுப்பு என்று காட்டிய சிட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தான்.

பரீட்சை போன துக்கம் அவனுக்கு அன்று முழுதாக உறைக்கவே இல்லை. ஷெட்டுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அந்தச் சேலையையே நினைத்துக்கொண்டிருந்தான்.

அது 1910இல் நடந்தது. தம்பிதுரைக்கு மூன்று வயது. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் அவனுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். அக்காவுக்குச் சேலையும் பிள்ளைக்குத் துணியும் தட்டில் வைத்துச் சீர் கொண்டுவர வேண்டியவனும் அவன்தான். மாமன் வெள்ளியங்கிரிக்கு அப்போது இருபது வயது. தாய் இல்லாத அவனைத் தூக்கி வளர்த்ததே அக்கா மாரியாத்தாள். பருத்தி மூட்டை சுமந்து சேர்த்த காசில் கோயமுத்தூர் போய் அப்துல் குத்தூஸ் கடையில் அக்காவுக்குச் சேலை எடுத்தான். கூட யாரையும் அழைத்துப் போகவில்லை. "அரக்குச் சேலை எடுத்திருக்கறேன், முகூர்த்தச் சேலையத் தோக்கடிக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சபையில் தட்டை வாங்கி விரித்தார்கள். சேலை கறுப்பு. கரைகூட இல்லாத அட்டக் கறுப்பு.

சுப காரியத்துக்குக் கறுப்புச் சேலை கொண்டுவருகிற தாய்மாமனை அந்தச் சீமையில் யாரும் பார்த்ததில்லை. அதற்கு முந்தின மாதம்தான் கிணற்றுத் தண்ணீர் முறையில் அவனுக்கும் அக்கா புருஷனுக்கும் வாய்த் தகராறு. ஆகவே ஊருக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. வேண்டுமென்றே கொண்டுவந்தான், சபிக்கக் கொண்டுவந்தான். தட்டு பறந்தது. பிள்ளையை மடியிலிருந்து பிடுங்கினார்கள். வேறொருவர் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். நான்காவது மாதம் தம்பிதுரையின் அப்பன் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? தாலியறுத்த சேலை என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வெள்ளியங்கிரி ஊரைவிட்டே போனான். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருக்கிறான், கல்யாணம்கூட இல்லை என்று சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொல்லக் கேள்வி.

தம்பிதுரை மாமன் இல்லாமல் வளர்ந்தான். பெண் கேட்கப் போனாலும் முதல் கேள்வி "தாய்மாமன் யாரு?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு மூன்று இடம் தட்டிப்போயிற்று. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவனுக்கு வேறொரு தனிமை இருந்தது. அதை யாரிடமும் சொல்ல வாயில்லை. சின்ன வயதில் மிளகாய்ப் பழம் பறிக்க அனுப்பினால் பச்சையும் பழமுமாகப் பறித்து வந்து அடி வாங்குவான். மற்ற பிள்ளைகள் பத்தடி தள்ளி நின்றே "அதா பழம், அதா பழம்" என்று கை காட்டுவார்கள். தான் காய்ச்சலாய்க் கிடந்த ஏதோ ஒரு நாளில் இவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், தனக்கு மட்டும் விட்டுப்போயிற்று என்று வெகுநாள் நம்பினான். பிறகு தடவிப் பார்க்கவும், அடுத்தவன் எடுப்பதைப் பார்த்து எடுக்கவும், தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொள்ளவும் பழகினான். மனிதர்கள் பூவைப் பார்த்து, சேலையைப் பார்த்து, அந்தி வானத்தைப் பார்த்துப் பேசும்போதெல்லாம் அவன் கதவுக்கு வெளியே நிற்பவன்தான்.

இப்போது டாக்டர் சொல்லைக் கேட்ட பிறகு முதல்முறையாக ஒன்று தோன்றியது. கதவுக்கு வெளியே இன்னொரு ஆள் நிற்கிறார். இருபத்து நாலு வருஷமாக நிற்கிறார். அவர் தன் சொந்த மாமன். அதை நினைக்க நினைக்க, பரீட்சையில் தோற்றவன் முகத்தில் வரக்கூடாத ஒரு சந்தோஷம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சோமனூரில் இறங்கி வீட்டுக்கு நடந்தான். மாரியாத்தாள் வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, வெள்ளைச் சேலை, அதிகம் பேசாத வாய்.

"தேறலீங்கம்மா" என்றான்.

"போனாப் போகுது. வெந்து சாகற வேலை அது. கை காலக் கழுவு."

அவன் கழுவவில்லை. நின்றபடியே நூல் கதையைச் சொன்னான். டாக்டர் கேட்ட கேள்வியையும் சொன்னான். வெள்ளியங்கிரி என்ற பேரை அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. அதனால் "உங்க தம்பிக்கும் இருக்கலாமாம்" என்று மட்டும் சொன்னான்.

முறம் நின்றது. மாரியாத்தாள் எழுந்து உள்ளே போனாள். மரப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்து, "உள்ள வா கண்ணு" என்று கூப்பிட்டாள்.

பாயில் இரண்டு சேலைகளை விரித்து வைத்திருந்தாள். கூரை ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக வெயில் நேராக அவற்றின்மேல் விழுந்தது.

"ஒண்ணு என்ர முகூர்த்தச் சேலை. ஒண்ணு அவன் கொண்டாந்தது. எது அவன்துன்னு சொல்லு."

அந்தச் சேலையைக் கொளுத்திவிட்டதாகத்தான் அவன் நினைத்திருந்தான். அதை இவள் வைத்திருக்கிறாள் என்பதே அவனுக்குத் திக்கென்றது. அருகே போய்க் குனிந்தான். கை தானாக நீண்டது.

"தொடாத. தொட்டா நைஞ்சது எது புதுசு எதுன்னு தெரிஞ்சுபோகும். கண்ணால பாத்துச் சொல்லு."

தாலியறுத்த சேலையைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் அவன். அது அடுப்புக் கரிபோல இருக்கும், பார்த்த மாத்திரத்தில் நெஞ்சு நடுங்கும் என்று நினைத்திருந்தான். அந்தக் கறுப்பைத் தேடினான். பாயில் கறுப்பே இல்லை. ஒரே நிறத்தில் இரண்டு சேலைகள் கிடந்தன. எஞ்சின் மேடையில் வெறுங்காலோடு நிற்பவன்போலக் கால் மாற்றி மாற்றி நின்றான்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுதுங்கம்மா" என்றான். "ரெண்டும் அரக்குத்தானுங்க."

மாரியாத்தாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "அன்னைக்கு நடுச்சபையில நின்னுட்டு, 'செகப்புத்தானுங்கக்கா, நல்லாப் பாருங்கக்கா'ன்னு சொல்லிட்டே இருந்தான். என்னைய நக்கல் பண்றான்னு நெனச்சேன். தட்டத் தூக்கி எறிஞ்சது ஊர்க்காரங்க இல்ல கண்ணு. நாந்தான்."

தம்பிதுரை அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மொளகாப் பழம் பொறுக்க உட்டா அவனும் பச்சையத்தான் பறிச்சுட்டு வருவான். அவனையும் அடிச்சேன். உன்னையும் அடிச்சேன். ரெண்டு பேரையும் இந்தக் கையாலதான் வளத்தேன். ஒண்ணோட ஒண்ணு சேத்துப் பாக்க எனக்குத் தோணலியே."

சேலைகளை மடித்துக்கொண்டே, "உடுமலைக்கு வண்டி எப்போ?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை கிளம்பினார்கள். போத்தனூரில் மாறி, பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டை. மாரியாத்தாள் கறுப்புச் சேலையை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். வண்டி கிளம்பியதும் அவனைக் கேட்கத் தொடங்கினாள். அந்தப் பூ உனக்கு எப்படித் தெரியுது? அந்த அம்மணி கட்டியிருக்கற சேலை? கொடி காட்டறானே, அது? வெத்தலை போட்டுத் துப்பினானே, அது? பொள்ளாச்சிவரை கேட்டுக்கொண்டே வந்தாள். அவனுக்கு அலுத்துப்போயிற்று. இருபத்தேழு வயதில் அம்மா கை காட்டக் காட்ட நிறம் சொல்வது என்ன பிழைப்பு? எதிரில் இருந்த ஆள் இவர்களை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். பொள்ளாச்சிக்கு அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தான் பார்ப்பது இவன் பார்ப்பதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாக இறங்கியிருக்க வேண்டும்.

தம்பிதுரையோ மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். மாமா, தப்பு உங்க மேல இல்லீங்க, கண்ணுமேலதானுங்க. எனக்கும் அதே கண்ணுதானுங்க. டாக்டரே சொன்னாருங்க. இதைச் சொன்னதும் மாமன் என்ன செய்வார்? தோளைப் பிடித்துக்கொள்வாரா? நீ சிக்னலை எப்படிப் பார்க்கிறாய் என்று கேட்பாரா? நான் இளநீர் முற்றியதை இப்படித்தான் தட்டிக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்வாரா? பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது. அதைப் பேசத் தகுந்த ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

தோப்பை விசாரித்துக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நடுவில் கீற்று வேய்ந்த ஒரு சாளை. வெளியே ஒரு மனிதர் மட்டை கிழித்துக்கொண்டிருந்தார். நாற்பத்து நாலு வயதுக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். அக்காளை அடையாளம் தெரிந்துகொண்டார் என்பது அரிவாள் கீழே விழுந்ததில் தெரிந்தது.

வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் கையில் கொடுக்காமல் அவள் காலடியில் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"கையில குடு" என்றாள் மாரியாத்தாள்.

"வேண்டாமுங்கக்கா. என்ர கை ஆகாதுங்க."

"என்ன ஆகாது?"

வெள்ளியங்கிரி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். "நா எடுத்தது செகப்புத்தானுங்க. கடையில நானே பாத்து நானே எடுத்தேன். ஊட்டுக்கு வந்து ராவெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன். சபையில எல்லாரும் கறுப்புன்னாங்க. யாரோ மாத்திப்போட்டாங்கன்னு கொஞ்ச நாள் நெனச்சேன். அத்தான் போன பொறவுதான் புரிஞ்சுது. என்ர கை பட்டுத்தான் செகப்பு கறுப்பாயிருக்குது. அதுக்கப்புறம் நல்ல காரியத்துக்கு நா எதையும் தொடறதில்லீங்க. ஒரு புள்ளைக்கு இந்தக் கையால தாலி கட்ட மனசு வரல."

தம்பிதுரை மாமன் பக்கம் நகர்ந்தான். இதோ, சொல்ல வேண்டிய நேரம் இதுதான். "மாமா, அது வந்துங்க..." என்று ஆரம்பித்தான்.

மாரியாத்தாள் அவனைக் கையமர்த்தினாள். துண்டை அவிழ்த்தாள். சேலையை இரண்டு கையாலும் விரித்து வெயிலில் பிடித்தாள். வெள்ளியங்கிரி அதைப் பார்த்தார். பார்த்ததும் ஓரடி முன்னால் வந்தார்.

"அக்கா" என்றார். குரல் இருபது வயதுப் பையன் குரலாக இருந்தது. "இது செகப்புத்தானுங்களே?"

டாக்டர் சொன்னதெல்லாம் மாரியாத்தாளுக்குத் தெரியும். மகன் அதைச் சொல்லத் துடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதும் தெரியும். ஆனால் கண்ணுக் கோளாறு என்று சொன்னால் கறுப்பைக் கொண்டுவந்தது இவன் கைதான் என்று ஆகிவிடும். தெரியாமல் கொண்டுவந்தான் என்று ஆகும், அவ்வளவுதான். ஊரும் அவனும் நம்புகிற கணக்கில் அவள் புருஷன் சாவு அந்தக் கைமேலேயே நிற்கும்.

"செகப்புத்தான் கண்ணு" என்றாள். "அன்னைக்குப் பந்தலடியில இருட்டு. எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியல. நா கறுப்புன்னதும் எல்லாரும் கறுப்புன்னுட்டாங்க. தப்பு என்ர கண்ணுல."

வெள்ளியங்கிரி நம்பவில்லை. நம்ப ஆசைப்பட்டார், பயமாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தவர் தம்பிதுரையைப் பார்த்தார். அவனை மடியில் வைத்துக்கொள்ள வந்த நாளுக்குப் பிறகு அவனைப் பார்ப்பது அதுதான் முதல்தடவை.

"மாப்ளே, நீ இளவட்டம். உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். நீ சொல்லு. என்ன நெறம்?"

தம்பிதுரை அம்மாவைப் பார்த்தான். அவள் சேலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அத்தனையும் நுனி நாக்கில் நின்றது. எனக்கும் உங்களுக்கும் ஒரே கண்ணுங்க மாமா. அதைச் சொல்லிவிட்டால் இனி அவன் தனி ஆள் இல்லை. சொல்லாவிட்டால் இந்த மனிதரோடு உட்கார்ந்து இந்தப் பேச்சை அவன் எந்த நாளும் பேச முடியாது.

சேலையைப் பார்த்தான். வெயிலில் அது அரக்காகத்தான் இருந்தது.

"செகப்புத்தானுங்க மாமா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

வெள்ளியங்கிரி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மாரியாத்தாள் சேலையை மடித்து அந்தக் கைகளில் வைத்தாள். பிறகு சீர் வாங்குகிறவள் வாங்குகிற முறைப்படி தன் வெள்ளை முந்தானையை ஏந்தி அவர் முன்னால் நின்றாள்.

"இப்பக் குடு" என்றாள்.

அவர் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் குழந்தைபோல அழுதார். அரக்கு உங்களுக்கு எப்பவும் எடுப்பா இருக்கும் அக்கா என்று அழுகைக்கு நடுவே சொன்னார். ஆமாம் என்று தம்பிதுரையும் தலையாட்டினான். அங்கே இருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு அது சிவப்பு.

மாரியாத்தாள் முந்தானையில் கிடந்த கறுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அது என்ன நிறம் என்று இனி அவள் யாரிடமும் சொல்ல முடியாது.